நண்டு தொங்கிய நத்தார் மரம்

மார்கழி மழை இறங்கியதும், முன்பள்ளி டீச்சர்களாகிய உங்களில் யாராவது ஒருத்தி எனக்குத் தொலைபேசி எடுப்பீர்கள். குரலைக் கேட்டவுடனேயே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். "டீச்சர், உப்பு மாவில நட்சத்திரம் செஞ்சம். காயுதே இல்ல. நத்தார் வந்திட்டு. என்ன செய்யிற?" மெல்லிசாகத் தட்டுங்கள், அடிக்கடி பிரட்டிப் போடுங்கள், பக்கத்துப் பேக்கரியில் சூடு ஆறிய போறணைக்குள் வைத்துத் தருவார்களா என்று கேளுங்கள் என்பேன். அது தொலைபேசியில் சொல்லக்கூடிய பதில். நேரில் மட்டும் சொல்லக்கூடிய பதில் ஒன்றும் இருக்கிறது. இன்றைக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள், வெளியே மழையும் பெய்கிறது. சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் எழும்பி நின்று கையைக் காலை ஆட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையை உட்கார்ந்தபடி சொல்ல எனக்கு வருவதே இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. எங்கள் முன்பள்ளி நாவற்குடாவில், வாவிக் கரைக்குப் பக்கத்தில். ஒரு மண்டபம், ஒரு சின்னச் சமையலறை, முன்னால் ஊஞ்சல். நான் வேதக்காரி, பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவம். ஆனால் நத்தார் என்கிற கிறிஸ்மஸ் வந்தால் அந்தக் கணக்கெல்லாம் யாருக்கும் நினைவிருக்காது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குச் சோடனை என்றால் சோடனைதான். தீபாவளி முடிந்த அடுத்த நாளே "நத்தார் எப்ப வரும்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த வருடம் கிரு வகுப்பில் இல்லை. கிருவுக்கு நான்கு வயது. வாய் ஓயாத பிள்ளை. கொய்யாவில் ஏறி, ஈரக் கிளை வழுக்கி விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டில் காலை மேலே தூக்கிக் கட்டி, அதில் பாரம் தொங்கவிட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மல்லாந்து படுத்தபடி வாரக் கணக்கில் கிடக்க வேண்டும். புரளவும் கூடாது. நத்தாருக்கு வீட்டுக்கு விடமாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பார்க்கப் போனபோது அவன் என்னோடு பேசவில்லை. கூரையில் சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தான். "சாப்பாடும் இறங்குதில்ல டீச்சர். எந்த நேரமும் அந்த ஃபேனத்தான் பாக்கான்" என்றாள் அவனுடைய தாய். வாய் ஓயாத பிள்ளை வாயை மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை வட்டமாக உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சதுர்ஷி கையைத் தூக்கினாள். வாவியில் நண்டுக்கு வலை போடுகிறவரின் மகள். எப்போதும் கேள்வி கேட்கிற பிள்ளை.

"டீச்சர், நத்தாருக்குக் கிரு வருவானா?"

"இல்ல புள்ள. கால் சுகமாகணுமே."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வருவோம் என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்: "அப்ப நாம நத்தாரக் கொண்டு போவம்."

அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் எழும்பி நின்று குதித்தது. என் கதையின் முடிவு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம்தான் மேகலா எங்களிடம் உதவி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். மண்டூர்ப் பிள்ளை. தினமும் பஸ்ஸில் வந்து போவாள். எதையும் துப்புரவாகச் செய்கிறவள், அதனால் எதற்கும் பதறுகிறவள். இரண்டு பேருமாக உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஒரு சின்னச் சவுக்குக் கிளை. அதைப் பழைய பெயின்ற் வாளியில் மண் போட்டு நட வேண்டும். சோடனை எல்லாம் பிள்ளைகளின் கையால். கோதுமை மாவும் உப்பும் பிசைந்து நட்சத்திரமும் மணியும் சிறகு வைத்த சம்மனசும் செய்வோம் என்று நான் சொன்னேன்.

பிள்ளைகள் செய்தது வேறு. ஒருவன் இறால் செய்தான். ஒருத்தி தேர் என்றாள். நான்கு உருண்டையும் ஒரு சப்பட்டையும் இருந்தது. ஒருவன் நீளமாக ஒன்றை உருட்டி, "இது கல்லடிப் பாலம்" என்றான். நட்சத்திரம் செய்தவர்களும் ஆறு கை, ஏழு கை என்று அள்ளி வைத்திருந்தார்கள். மேகலா ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தப் போனாள். "விடு புள்ள, கிருவுக்கு இதுதான் விளங்கும்" என்றேன். தலைமுடியில் மா, மூக்கில் மா, ஊஞ்சலில்கூட மா. எல்லாவற்றையும் பழைய பேப்பரில் வரிசையாகப் பரப்பி, மேசைகளின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். ஒவ்வொரு பிள்ளையும் போகும்போது தன் சாமானுக்குக் கை காட்டிவிட்டுத்தான் போனது.

அன்றிரவு பிடித்த மழை விடவில்லை. எங்கள் ஊர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வெளியே இருக்கிற ஈரம் சுவருக்குள்ளும் வரும், உப்புப் போத்தலுக்குள்ளும் வரும். உப்பு மாவு அந்த ஈரத்தைத் தேடித் தேடிக் குடிக்கும். ஓரிரு நாள் பார்த்தோம், பிரட்டினோம், விசிறியின் கீழே வைத்தோம். பிறகு சனி, ஞாயிறு வந்தது. திங்கள் காலை மண்டபக் கதவைத் திறந்தபோது மேசையில் ஒன்றும் உருவமாக இல்லை. நட்சத்திரம் தோசையாகியிருந்தது. தேர் சரிந்து இறாலோடு ஒட்டிப்போயிருந்தது. கல்லடிப் பாலம் பேப்பரோடு சேர்ந்து கூழாகிவிட்டது. ஓரத்தை எலி வேறு கடித்திருந்தது.

மேகலாவின் கண் நிறைந்துவிட்டது. "டீச்சர், பிள்ளைகள் வரமுதல் எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிருவம். நான் கெதியா டவுனுக்குப் போய் பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கிட்டு வாறன். அது காஞ்சி மினுங்கி இப்பிடி வந்திட்டெண்டு சொல்லுவம். அதுகளுக்குத் தெரியா."

ஒழுங்கை முனையில் பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. குடைகள் தெரிந்தன. யோசிக்க அவ்வளவு நேரம்தான் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களும் ஒரு நாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். மேகலா சொன்னது கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பிள்ளைகள் அழக் கூடாது என்ற பாசத்தில் சொன்னது. ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. கிருவுக்குத் தான் செய்ததைக் கொண்டுபோகிறோம் என்றுதான் ஒவ்வொரு பிள்ளையும் அந்த மேசைக்குக் கை காட்டிவிட்டுப் போனது. கடை நட்சத்திரத்தைக் கொண்டுபோனால் அது எங்கள் பிள்ளைகள் போகாத பயணமாகிவிடும். "கொட்டாத மேகலா. வரட்டும். பாக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் துளியும் தெரியாது.

வந்தார்கள். பார்த்தார்கள்.  பாலம் செய்தவன் உதட்டைப் பிதுக்கினான். அவன் அழுதால் எல்லோரும் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவன் விரலை நீட்டித் தன் பாலத்தைக் குத்திப் பார்த்தான். விரல் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. இழுத்தான், நூல் மாதிரி நீண்டு வந்தது. "டீச்சர்! பாலம் இழுபடுது!" என்று கத்தினான். அழ இருந்த வாய் சிரித்துவிட்டது. பிறகு கேட்கவேண்டுமா? எல்லோரும் குத்திப் பார்த்தார்கள். சவ அடக்கம் மாதிரி இருக்கப்போகிறது என்று நான் பயந்திருந்த காலை அப்படியே தலைகீழாகிவிட்டது.

சத்தம் அடங்கியதும் கீழே உட்கார்ந்து கேட்டேன்: "ஏன் இப்பிடியாச்சு?"

"மழை!" "தண்ணி குடிச்சிட்டு!" "எலி!"

"ஓம். தண்ணி பட்டாக் கரைஞ்சிரும். அப்ப தண்ணிக்குள்ளயே கிடந்தாலும் கரையாத சாமான் என்ன இரிக்கு?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு விடை தெரிந்து கேட்ட கேள்வி அல்ல அது. நேரம் எடுப்பதற்காகக் கேட்டது. ஆனால் அவர்கள் வாவிக் கரைப் பிள்ளைகள். பதில்கள் வந்து கொட்டின. கல்! தோணி! முதலை! மீன்! முதலையைக் கொண்டுபோய் மரத்தில் கட்டலாமா என்று ஒருவன் கேட்டான், கட்டலாம் என்று நான்கு பேர் சொன்னார்கள். அந்த அமளிக்கு நடுவில் சதுர்ஷி கதிரையின் மேல் ஏறி நின்றாள்.

"நண்டு! நண்டுக் கோது! எங்கட வாசலில கிடக்கு, எவ்வளவு மழ பேஞ்சாலும் அப்பிடியே கிடக்கு! மட்டிக் கோதும் கிடக்கு!"

மேகலா என்னைப் பார்த்தாள். நான் மேகலாவைப் பார்த்தேன்.  முப்பது வருடங்களுக்கு மேலாக வாவிக் கரையில் உட்கார்ந்து, பனி விழுகிற நாட்டுச் சோடனையைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளாவது வாசலில் கிடக்கிறதைப் பார்த்தேனா?

சதுர்ஷியின் தகப்பன் மறுநாள் காலை ஒரு சாக்கோடு வந்தார். உயரமான மனிதர், அதிகம் பேசமாட்டார். சாக்கு நிறைய மட்டி, சிப்பி, அவிக்காமலே இறைச்சி எடுத்துக் கழுவிய நண்டு ஓடுகள். "இத வெச்சு என்ன டீச்சர் செய்யப் போறீங்க?" என்றார். "நத்தார்" என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டார். போனவர் திரும்பி வந்து, கூரையோரம் நின்றபடி, "முள்ளு முனை கையக் குத்தும், முதல்ல அதத் தேச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஓடுகள் கருநீலமும் பச்சையுமாக, சேற்று நிறத்தில் இருந்தன. மேகலாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "கறுப்பா இரிக்கே டீச்சர். பெயின்ற் அடிக்கணும்." முதலில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வோம் என்று பெரிய பானையை அடுப்பில் ஏற்றினோம். சமையலறை வாசலில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் பிள்ளைகள் என்று சட்டம். எல்லோரும் கோட்டில் கால் விரலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் கொதித்தது. மேகலா நீளக் கரண்டியால் ஒரு ஓட்டை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

சிவப்பு! செங்கொடி மாதிரிச் சிவப்பு!

நமக்குத் தெரிந்ததுதான். நண்டு அவித்தால் சிவக்கும். ஆனால் கறியில் மட்டுமே சிவப்பு நண்டைப் பார்த்திருந்த பிள்ளைகள், அது நிறம் மாறுவதைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு பிள்ளை மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டது: "டீச்சர், அதுக்கும் நத்தாரெண்டு தெரியுமா?"

நான் அடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பில் கண்ணாடி ஆவி பிடித்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேகலா முள் முனைகளை எல்லாம் அரத்தாளால் தேய்த்து மழுக்கினாள். துளை போடுவது நான். பிள்ளைகள் நூல் கோத்தார்கள், தங்க நிறத்தில் புள்ளி வைத்தார்கள், மட்டிக்குள்ளே கண் வரைந்தார்கள். ஐஸ்பழக் குச்சியில் குடில் செய்தார்கள். பால்மாப் பையின் உள்பக்கம் வெள்ளியாக மினுங்கும் அல்லவா, அதை வெட்டி வால் வைத்த நட்சத்திரம். மேகலா எதையும் திருத்தவில்லை. ஒரு தடவை பார்த்தேன், அவளே தரையில் குப்புறப் படுத்து ஒரு நண்டுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள்.

நத்தாருக்குச் சில நாள் முன்னால், போகிற நாள் வந்தது. வர முடிந்த பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார், சதுர்ஷியின் தகப்பன். பார்வையாளர் நேரத்தில், ஆட்டோக்களில். மரத்தை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டோ குழியில் விழுகிற ஒவ்வொரு தடவையும் ஓடுகள் கலகலவென்று சத்தம் போட்டன. பிள்ளைகள் வேண்டுமென்றே "இன்னொரு குழியில விடுங்க மாமா" என்று டிரைவரிடம் கேட்டார்கள்.

வாட்டு வாசலில் பொறுப்பு மிஸி எங்களை நிறுத்தினார். மிஸி என்றால் தாதி. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். நடுவயது, நேராக நிற்கிற பெண். மரத்தைப் பார்த்தார். குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"இது நண்டா டீச்சர்?"

"ஓம் மிஸி. நல்லா அவிச்சுக் கழுவினது."

"வாசம் வருது. குறை நினைக்காதீங்க. உள்ள காயக்காரப் பிள்ளைகள், ஒப்பரேசன் செஞ்ச பிள்ளைகள் இரிக்காங்க. இத உள்ள விட ஏலா. சின்னப் பிள்ளைகளையும் உள்ள விடுறல்ல."

  ஒரு தாய், "நத்தார் வாற நேரத்தில இப்பிடிச் சொல்லுறாங்களே, நீங்க சொல்லுங்ககா டீச்சர்" என்று என் முதுகைத் தட்டினாள். சதுர்ஷியின் தகப்பன் முன்னால் வந்தார். பேசாத மனிதர் பேசினார்: "மிஸி, பச்சப் புள்ளைகள் செஞ்சது. ஒரு நிமிசம் காட்டிட்டு எடுத்திருவம். அதில என்ன வந்திரப்போகுது?" குரல் உயரத் தொடங்கியது. மிஸியின் முகம் இறுகியது.

நீங்கள் நிற்கப்போகிற மற்ற இடம் இதுதான், பிள்ளைகளே. ஒரு பக்கம் உங்கள் பிள்ளைகளின் முகம். மறுபக்கம் சட்டம். நெஞ்சு முழுவதும் உங்கள் பிள்ளைகளின் பக்கம்தான் நிற்கும். சண்டை பிடிக்கலாம் போலிருக்கும். பெரியவர்கள் யாருக்காவது ஃபோன் பண்ணி அனுமதி எடுக்கலாம் போலிருக்கும். ஆனால் மிஸி சொன்னது சரி. உள்ளே கிடக்கிற பிள்ளைகளும் ஒருத்தி பொறுப்பில் இருக்கிற பிள்ளைகள்தான். என் பிள்ளைகளை நான் காக்கிற மாதிரி அவர் அவருடைய பிள்ளைகளைக் காக்கிறார். சரியாகச் செய்கிறவரோடு சண்டை பிடித்து வென்றால், எங்கள் பிள்ளைகள் என்னிடமிருந்து எதைப் படிப்பார்கள்?

"தம்பி, பொறுங்க. மிஸி சொல்றது சரி" என்றேன் சதுர்ஷியின் தகப்பனிடம். பிறகு மிஸியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மிஸி, கிரு மல்லாந்துதானே கிடக்கான். படுத்தபடி தலையத் திருப்பினா அவனுக்கு என்ன தெரியும்?"

மிஸி என்னைப் பார்த்தார். கேள்வி பிடிபட்டதும் முகம் மாறிவிட்டது. "நில்லுங்க" என்று சொல்லி உள்ளே போனார். கதவிடுக்கால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கிருவின் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலை மடித்து, தன் தலையை அவன் தலையோடு தலையாகத் தலையணையில் வைத்து, அவன் பார்க்கிற பக்கம் பார்த்தார். வெள்ளைத் தொப்பி நசுங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. எழும்பி வேகமாக வந்தார்.

"ஜன்னலால ஒரு ஜம்பு மரம் தெரியுது. பூரா மரமும் தெரியுது. கிளை எல்லாம் பதிவுதான், பிள்ளைகளுக்கு எட்டும். டாக்டரிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாறன். நீங்க சுத்திப் பின்பக்கம் போங்க, கெதியா, மழ வரப் போகுது!"

நாங்கள் போகவில்லை, ஓடினோம். வாளியும் கையுமாக நானும் ஓடினேன், இந்த முழங்காலோடு! கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால், ஈரப் புல், நடுவில் அந்த ஜம்பு மரம். வாட்டின் ஜன்னல்கள் எல்லாம் அதைப் பார்த்தபடி. மிஸி உள்ளேயிருந்து ஒரு ஜன்னலை அகலத் திறந்தார். அங்கே, தூக்கிக் கட்டிய காலுக்குப் பக்கத்தில், கிருவின் தலை திரும்பியது.

"கிரு!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவன் பதில் சொல்லவில்லை. பார்த்தான். சவுக்குக் கிளையிலிருந்து நண்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக ஜம்பு மரத்தில் கட்டத் தொடங்கினோம். சதுர்ஷி தன்னுடையதை ஒரு கீழ்க் கிளையில் கட்டப் போனாள். அப்போது ஜன்னலிலிருந்து, வாரக் கணக்காக மூடியிருந்த அந்த வாய் திறந்தது.

"அதில இல்லடீ! மேல! மேல கட்டு! எனக்கு இலை மறைக்குது!"

அவனுடைய தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அவன் நிறுத்தவில்லை. "அந்தப் பெரிய நண்டு இந்தப் பக்கம்! நட்சத்திரம் ஆகலும் மேல, உயரத்தில! டீச்சர், நீங்க நடுவில நிக்கீங்க, தள்ளுங்க!" நான் தள்ளினேன். ஓய்வு பெறப்போகிற ஒரு தலைமை ஆசிரியையை நான்கு வயதுப் பிள்ளை அங்கே போ, இங்கே போ என்று மேய்த்தது. சதுர்ஷியின் தகப்பன் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் எட்டிய உயரக் கிளையில் வெள்ளி நட்சத்திரத்தைக் கட்டினாள். கட்டி முடிக்க மழை வந்துவிட்டது. குடையை விரிக்க யாருக்கும் ஞாபகம் இல்லை. மழைத் துளி பட்டதும் ஓடுகள் இன்னும் சிவந்து மினுங்கின. ஒன்றும் கரையவில்லை. மற்ற ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. கையில் கட்டோடு ஒன்று, தலையில் கட்டோடு ஒன்று. கிருவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓட்டமாவடியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பிள்ளை, ஆயிஷா என்று பெயர். அவளுடைய உம்மா அவளை இடுப்பில் தூக்கி வைத்து ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். ஆயிஷா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உம்மா, இந்த மரத்தில நண்டு காய்க்குமா?"

அத்தோடு கதையை நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது அங்கே நிற்கவில்லை.

நத்தார் காலை. பூசை முடிந்ததும் ஒரு துண்டு கேக்கோடு கிருவைப் பார்க்கப் போனேன். நேராக ஜம்பு மரத்துக்குத்தான் போனேன்.  மரத்தில் பாதிக்கு மேல் காலி. நூல் மட்டும் தொங்கியது. யாரோ பிய்த்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கிருவுக்கு என்ன சொல்வது என்று சொற்களைத் தேடிக்கொண்டு வாட்டுக்குள் போனேன். உள்ளே ஒரே அமளி.

"டீச்சர்! டீச்சர்! காகம் இன்னுமொரு நண்டக் களவெடுத்திட்டு!"

கிருதான். முகமெல்லாம் சிரிப்பு. விடிந்ததிலிருந்து காகங்கள் வந்துகொண்டிருக்கின்றனவாம். ஓட்டைக் கொத்திப் பார்ப்பதும், உள்ளே ஒன்றும் இல்லையென்று கோபப்படுவதும், நூலோடு இழுத்துப் பறக்கப் பார்ப்பதும், மற்றக் காகம் வந்து பறிப்பதும். வாட்டு முழுவதும் அதுதான் வேலை. கட்டிலுக்குக் கட்டில் கட்சி பிரித்திருந்தார்கள். ஆயிஷா காகத்தின் பக்கம். கிரு நண்டின் பக்கம். காகம் வந்து உட்கார்ந்தால் எழும்ப முடிந்த பிள்ளைகள் ஜன்னலில் நின்று "சூ! சூ!" என்று கத்த, எழும்ப முடியாதவர்கள் படுத்தபடியே கையைத் தட்டினார்கள். "காலையில ரெண்டு பாண் துண்டு தின்னான் டீச்சர், பாத்துக்கொண்டே தின்னான்" என்றாள் தாய். மின்விசிறியைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நாங்கள் நினைத்து நினைத்துச் செய்த சோடனை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதைக் காகம் பிய்த்துக்கொண்டு போனதுதான் அந்த வாட்டுக்குக் கிடைத்த நத்தார். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளைகள் செய்கிற சாமான் எத்தனை நாள் தாங்கும் என்று கவலைப்படாதீர்கள். யார் கையால் செய்தது, யார் பார்க்கச் செய்தது, அந்த இரண்டையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேக்கைத் தின்றபடி கிரு கேட்டான்: "மிச்சத்தையும் காகம் எடுத்திட்டா, மறுகா என்ன செய்யிற டீச்சர்?"

நான் வெளியே வந்து மேகலாவுக்கு ஃபோன் எடுத்தேன். அவள் மண்டூரில், வீட்டில், விடுமுறையில். ஒன்றையும் கேட்கவில்லை. "வாறன் டீச்சர்" என்றாள். பெற்றோரின் வாட்ஸ்அப்பில் அவளே செய்தியும் போட்டுவிட்டாள். பின்னேரம் நான் போனபோது, ஆஸ்பத்திரியின் பின்பக்கம் எனக்கு முதலே கூட்டம். பாதிப் பிள்ளைகள் நத்தார்ச் சட்டையோடு, பாதிப் பிள்ளைகள் வீட்டுச் சட்டையோடு. கையில் கையில் மட்டி, சிப்பி, மத்தியானம் சாப்பிட்ட நண்டின் ஓடு. சதுர்ஷியின் தகப்பன் கையில் இன்னொரு சாக்கு. ஜன்னல்களில் ஒரு இடம் காலியில்லை. காகங்கள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

நூல் முடிந்துவிட்டது. யாரும் நூல் கொண்டுவர நினைக்கவில்லை. மேகலா தன் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழிக்கப் போனாள். அப்போது பின்கதவு திறந்தது. பொறுப்பு மிஸி ஒரு கையில் குடையும் மறுகையில் ஒரு சுருள் கட்டுத்துணியுமாக ஈரப் புல்லில் இறங்கி வந்தார்.

"இறுக்கிக் கட்டணும் டீச்சர். நீங்க கட்டினது லூசு" என்றார். குடையை என்னிடம் தந்துவிட்டு, எங்கள் சாக்கிலிருந்து ஒரு நண்டை எடுத்து, கிளையில் வைத்து, காயத்துக்குக் கட்டுவது போலச் சுற்றிச் சுற்றி, யாராலும் பிரிக்க முடியாத ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"சரியா கிரு? அங்கயிருந்து தெரியுதா?"